ஆளுக்குப் பாதி மாத்திரை

தானியக் கிடங்கில் அவளைக் கோணியூசி என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த சாக்குகளைத் தைப்பது அவள் வேலை. ஆளும் ஒல்லி, நாக்கும் கூர். எடை போடுகிறவர் தராசில் ஏதாவது கைவரிசை காட்டினால், "அண்ணே, கண்ணு முள்ளைப் பாக்குதா, முதலாளியைப் பாக்குதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தது.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்து, எச்.ஐ.வி. என்றார்கள். ஊர் ஆஸ்பத்திரி என்பது ஓர் அறை, வெளியே ஒரு பெஞ்சு. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸ்தான் டாக்டர். கொடுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டாள். பெண் குழந்தை நோயில்லாமல் பிறந்தது. அதைக் கேட்டதும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

புருஷன் சலூன்காரர். பரிசோதனைக்கு வரவே மாட்டேன் என்றார். "என்கிட்ட கழுத்தை நீட்டுறவன் நம்பித்தானே நீட்டுறான்? நான் அந்தப் பெஞ்சுல உக்காந்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வருவான்?" ஆளுக்கு ஒரு புது பிளேடு என்பதில் அவர் என்றைக்கும் பிசகியதில்லை. ஆனால் அதை யார் கேட்கப்போகிறார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

கொஞ்ச காலத்தில் அவருக்கு வாயெல்லாம் புண். கஞ்சி கூட இறங்கவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அவள் தன் மாத்திரையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் புது பிளேடு ஒன்றைப் பிரித்து, கிருதாவைச் சீர்செய்கிற அதே கவனத்தோடு, மாத்திரையைச் சரிபாதியாக வெட்டினார். "ஆளுக்குப் பாதி" என்றார். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்த வீட்டில் எதையும் ஒருவர் மட்டும் தின்றதில்லை. ஒரு முட்டை இருந்தாலும் பங்குதான். மருந்தையும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் இது பசி இல்லையே, பாதி தின்றால் பாதி அடங்க! பாம்பை அடித்தால் ஒரேயடியாக அடிக்க வேண்டும். இவர்கள் இரண்டு உடம்பிலும் அதைக் குற்றுயிராக விட்டுக்கொண்டே வந்தார்கள். அடிபட்ட கிருமி அந்த மருந்தோடேயே வாழப் பழகிக்கொண்டது.

மாதாமாதம் நர்ஸ் டப்பாவைத் திறந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பாள். இவள் டப்பா எப்போதும் காலி. "இந்த அக்காவைப் பாருங்க, ஒரு வேளை விட்டதில்ல" என்று பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் காட்டுவாள். கோணியூசி தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தார்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது, விடாத இருமல் வந்தது. சாக்கைப் புரட்டவே மூச்சு வாங்கியது. நகரத்துக்கு ரத்தம் அனுப்பினார்கள். அங்கே மெஷின் ரிப்பேர்; முடிவு வந்து சேர மாதங்கள் ஆயின. கிருமி பெருகிக் கிடந்தது.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் முந்திக்கொண்டாள். "அவங்களைப் போய் கேக்குறீங்களே டாக்டர்!"

மருந்தை மாற்றினார்கள். "இதுவும் கைவிட்டா எங்ககிட்ட வேற மருந்து இல்லம்மா" என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

வீட்டில் அவர் வழக்கம்போல பிளேடை எடுத்தார். அவள் டப்பாவைக் கையால் பொத்திக்கொண்டாள். "முடியாதுங்க." அவர் பிளேடை மறுபடி காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலை நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நர்ஸின் முகம் செத்துப்போயிற்று. "உன்னைத்தானேக்கா எல்லாருக்கும் காட்டினேன்" என்றாள். பிறகு, "அவரைக் கூட்டிட்டு வா."

கெஞ்சினாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். அவர் அசையவில்லை. உடம்பு மட்டும் கரைந்தது. கத்தரிக்கோல் பிடித்த கை நடுங்கியது. ஒரு காலையில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, அவள் நேராக உள்ளே போனாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. எனக்கு இருக்கிற எச்.ஐ.வி. உங்களுக்கும் இருக்கு. மறைச்சது போதும்."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு, பத்தடி பின்னால் நடந்து வந்தார். அவர் சோற்றில் மண் அள்ளிப் போட்டது அவளுக்குத் தெரியும். உயிராவது மிஞ்சட்டும் என்றுதான் போட்டாள்.

மிஞ்சவில்லை. புதிதாக வருகிறவருக்கு, அவள் முன்பு சாப்பிட்ட அதே முதல் மருந்துதான் என்பது சட்டம். அது இவரிடம் பலிக்காது என்று டாக்டருக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும். அவள் இப்போது சாப்பிடுகிற பெரிய மருந்துக்கு நகரத்து அனுமதி வேண்டும். டாக்டர் போனில் மன்றாடினார். "சார், இவர் ஏற்கெனவே பாதி பாதியா சாப்பிட்டவர்." அந்தப் பக்கம் இருந்தவர், "கேஸ் புதுசா, பழசா?" என்று மட்டும் கேட்டார். புதுசு என்றதும், "அப்ப ரூல்படி செய்யுங்க" என்று வைத்துவிட்டார். அப்படி உட்கார்ந்து ரூல் பேசுகிறவர்களின் வாயில் ஒரு நாள் அந்தப் புண் வர வேண்டும்.

புது மருந்தில் அவளுக்குச் சதை பிடித்தது. அவருக்கு எழுந்து உட்காரவும் முடியவில்லை. ஒரு மத்தியானம் அவள் தன் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க. இன்னைக்கு நீங்க, நாளைக்கு நான்."

அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"வேணாம். உன் பங்கைத் தின்னு தின்னுதான் உன்னையும் கெடுத்தேன். பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப வீட்டுல ஒருத்தராவது இருக்கணும்."

"நீங்க இல்லாம..."

"வாயில போடு. நான் பாக்கணும்."

அழுதுகொண்டே விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னார், காட்டினாள்.

அவர் போன பிறகுதான் அனுமதி வந்தது. இப்போது அவளுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கிடங்கில் யாராவது, "உடம்பு தேறிட்டியே கோணியூசி" என்று சந்தோஷமாகச் சொன்னால், அவர்களை அடிக்க வேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வருகிறது.