ஒரு பக்கம் தூக்கிய கூரை

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் நியாயம் கேட்டு வரக்கூடாது. கண்காட்சிகளில் கடை போடுகிறவர்களுக்குத் தடுப்பும் அலமாரியும் அடித்துக் கொடுப்பது அவன் தொழில். ஊர் ஊராகப் போகிற பிழைப்பு என்பதால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு பழங்காலத்துக் குட்டி வேனை வாங்கி அதிலேயே குடித்தனம் வைத்தான். முகம் உருண்டையாக, ரெண்டு முட்டைக்கண் விளக்கோடு, போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படம் பிடிக்கிற வேன். அவர்களுக்கு என்ன, உள்ளே குனிந்து சமைக்கப் போவது அவர்களா?

அவன் குள்ளம். என் தங்கை நெடுநெடுவென்று வளர்ந்தவள். இதைச் சொல்லாமல் கதை நகராது, ஏனென்றால் அலமாரிக்காரன் எந்த அளவையும் தன் உடம்பை வைத்துத்தான் எடுப்பான். படுக்கைப் பலகையில் தானே மல்லாந்து படுத்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பென்சிலால் கோடு போட்டு அறுத்தான். மிஞ்சிய இடத்தில் தன் உளிக்கும் ரம்பத்துக்கும் ஒரு பெட்டி அடித்தான். "பாரு, எவ்வளவு இடம் மிச்சம்!" என்று பூரித்துப் போனான். அன்றிலிருந்து என் தங்கை முழங்காலை மடக்கித்தான் தூங்கினாள்.

அப்புறம் கூரை. நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்று அவள் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். உடனே தகரக் கூரையை வெட்டி, ஒரு பக்கம் கீல் வைத்து, சுற்றிலும் தார்ப்பாய் மாட்டி, தூக்கினால் எழும்புகிற மாதிரி செய்துவிட்டான். நல்ல வேலைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். தார்ப்பாயைத் தைத்தது அவள். ஆனால் கீல் இருக்கிற பக்கம் கூரை ஏறாது, எதிர்ப்பக்கம்தானே ஏறும்? அடுப்பு கீல் பக்கம். உயர்ந்த பக்கத்தில், முன்சீட்டைப் பின்னால் திருப்பிப் போட்டு, காலை நீட்டி அவன் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேல் இன்னொருத்தர் உட்காரலாம், அவ்வளவு காலி.

பார்க்கப் போயிருந்தபோது கேட்டேவிட்டேன். நேரில் மரியாதையாகத்தான்.

"ஏங்க, அவ கழுத்தை ஒடிச்சுக்கிட்டு நிக்கிறா. கீலை அந்தப் பக்கம் வச்சிருக்கக் கூடாதா?"

"சமைக்கிறவங்க குனிஞ்சுதானே ஆகணும்? நிமிர்ந்துகிட்டே வெங்காயம் நறுக்குவாங்களா?"

என் தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கைபடாத சரக்கு அலமாரியில் இருக்கக் கூடாது என்பது அவன் கடைக்காரர்களுக்குச் சொல்கிற உபதேசம். அதை வேனிலும் நடத்தினான். அவளுடைய கம்பளி, பெரிய பாத்திரங்கள், முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாம் ஒவ்வொன்றாக என் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தன. அவள் கூலிக்குத் துணி தைக்கிற மெஷினை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை வைத்துத் தினமும் சண்டை.

கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. வேனின் பக்கக் கதவோடு ஒட்டிக்கொள்கிற கூடாரம், நடுவில் ஒரு ஜிப். வேன் ரெண்டு மடங்காகிவிடுமாம். தைத்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஆனால் இதற்கு மட்டும் அளவெடுத்ததும் அவள்தான். தன் தலைக்கு மேல் ஒரு முழம் விட்டு வெட்டினாள். கூடாரம் எழுந்ததும் மெஷின் வெளியே போனது. அதன் பின்னால் துணிப்பெட்டி. அதன் பின்னால் ஒரு மடக்குக் கட்டில். "முழங்கால் மடங்குதுன்னு புலம்பினியே, இனிமே நீட்டிப் படு," என்றான் பெரிய மனசோடு. வேனுக்குள் அவனும் அவன் காற்றோட்டமும்.

அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டிய காலையில், இந்த மாதிரி வண்டிகள் வாடகைக்குத் தங்குகிற மைதானத்தில் நானும் இருந்தேன்.

"கூடாரத்தைப் பிரி, நேரமாச்சு!" என்று முன்சீட்டிலிருந்து கத்தினான்.

அவள் ஜிப்பை இழுத்தாள். கூடாரம் வேனைவிட்டுக் கழன்று, தன் கம்பிகளில் தானாக நின்றது. அவள் அதற்குள்ளேயே நின்றுகொண்டு, "நீங்க போங்க. நான் இங்கதான் இருக்கப் போறேன்," என்றாள். "இந்த மைதானத்து மேனேஜரம்மாகிட்ட பேசிட்டேன். இங்க தங்குறவங்க துணியெல்லாம் என்கிட்டதான் வருது."

"என்ன விளையாட்டு இது? உள்ள ஏறு. உனக்காக எவ்வளவு இடம் பண்ணி வச்சிருக்கேன்!"

"எங்க ஏறச் சொல்றீங்க? எந்த இடத்துல?"

அவன் திரும்பி வேனுக்குள் பார்த்தான். படுக்கை அவன் நீளம். சீட் அவனுடையது. அவளுடையதென்று எடுத்துக் காட்ட அங்கே ஒரு சீப்புகூட இல்லை. பிறகு கூரையை இறக்கி, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"வா, கட்டிலை மடக்கு, நம்ம வீட்டுக்குப் போகலாம்," என்றேன். "பின்பக்க ரூம் உனக்குத்தான். சுவரோரமா கட்டில், ஜன்னல்கிட்ட மெஷின். எல்லாம் நான் யோசிச்சு வச்சிருக்கேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவனைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

"நீயும் அளவெடுத்துட்டியா, அக்கா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்காகத்தானே இத்தனை காலம் அவனோடு மல்லுக்கு நின்றேன்! அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு நீள மேஜையை இழுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். மேனேஜரம்மா கொடுத்ததாம், துணி வெட்ட.

"கொஞ்சம் வெளிய போய் நில்லுக்கா. நீ நிக்கிற இடத்துலதான் இதைப் போடணும்."