கடல் காவலுக்குப் போன சுவக்கீன்

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர் சுவக்கீன். கடற்படைக்குக் கொச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிய நாள்வரை அவர் கடலைப் பார்த்ததில்லை. உயரமும் நெஞ்சளவும் சரியாக இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த வேலை கப்பலின் அடித்தட்டில், பாய்லர் அறையில். அங்கேயிருந்தும் கடல் தெரியாது. வெக்கையும் எண்ணெய் நாற்றமும்தான். வேலை முடிந்து மேலே வந்தால் படுக்கத்தான் தோன்றும். அப்படியே பத்து வருடம் போனது.

அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தவள் அக்கா சிசிலி. அவளை இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்த சொந்தக்கார மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கப்பலேறிப் போனபோது சுவக்கீனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கவே இல்லை.

1971 ஏப்ரலில் இலங்கையில் கலகம் வெடித்தது. அந்த அரசு அக்கம்பக்கத்து நாடுகளிடம் உதவி கேட்டது. வெளியிலிருந்து கடல்வழியாக ஆயுதம் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ள இந்தியக் கப்பல்கள் சில அந்தத் தீவைச் சுற்றி ரோந்து போயின. சுவக்கீனின் கப்பலும் அதில் ஒன்று. எங்கே போகிறோம் என்பதே புறப்பட்டு ஒரு நாள் கழித்துத்தான் பாய்லர் அறைக்குத் தெரிந்தது.

ஒரு காலையில் மேல்தளத்துக்கு வந்தவர் கிழக்கே நீலமாக ஒரு மலையைப் பார்த்தார். சிவனொளிபாத மலை என்றான் கூட இருந்தவன். அக்கா இருக்கும் தோட்டம் அந்தப் பக்கம்தான். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சோறு ஆறுகிறவரை நின்றார்.

இரண்டு நாட்டுக் கப்பல்களும் அவ்வப்போது கடலில் சந்தித்துச் செய்தி பரிமாறிக்கொள்ளும். அப்படி வந்த ஒரு படகில் தமிழ் பேசத் தெரிந்த சிங்களச் சிப்பாய் ஒருவன் இருந்தான். கயிற்றை வாங்கிக் கட்ட உதவிக்கு வந்திருந்த சுவக்கீன் அவனிடம் கேட்டார்.

"அட்டன் பக்கம் எப்படி இருக்கு? எங்கக்கா அங்க தோட்டத்துல இருக்கு."

"ரோடெல்லாம் பூட்டியாச்சு. ஊரடங்கு. நானே வீட்டுக்குப் போய் ரொம்ப நாள்" என்றான் அவன். தோட்டத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டான். "ஆள் கிடைச்சா சொல்லி அனுப்புறேன்." அவன் முகத்தில் தூக்கம் இல்லாத வீக்கம் இருந்தது. அந்தப் படகு திரும்ப வரவில்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு வேலை சுவக்கீன் தலையில் விழுந்தது. கப்பலில் இருந்த அதிகாரிகள் யாருக்கும் தமிழ் தெரியாது. எந்தத் தோணியை நிறுத்தினாலும் பாய்லர் அறைக்கு ஆள் வந்து அவரைக் கூட்டிப்போகும். ஒரு மத்தியானம் ராமநாதபுரம் கரையிலிருந்து வந்த வள்ளம் ஒன்றை நிறுத்தினார்கள். வள்ளத்துக்காரர், ஏசுரத்தினம் என்ற வயசாளி, வலைமேல் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"துப்பாக்கி ஏதும் இருக்கான்னு பாக்கணும்கிறாங்க. கோவிச்சுக்காதீக" என்றார் சுவக்கீன்.

"பாருங்கய்யா. சீக்கிரம் பாருங்க. மீன் தாங்காது."

சீக்கிரம் முடியவில்லை. மேலிடத்திலிருந்து வயர்லெஸ்ஸில் பதில் வரும்வரை வள்ளத்தை விடக்கூடாது என்றார் அதிகாரி. அவர் கெட்டவர் இல்லை. வள்ளத்துக்குத் தண்ணீரும் ரொட்டியும் இறக்கச் சொன்னார். பதில் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏசுரத்தினமும் அவருடைய ஆட்களும் மீனை அள்ளிக் கடலிலேயே கொட்டினார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சுவக்கீனுக்கு.

அதே வருடக் கடைசியில் மச்சான் செத்துப்போன தகவல் வந்தது. எப்படி என்று அதில் இல்லை.

தோட்டத் தொழிலாளர்களைப் பிரித்துக்கொள்ள இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி சிசிலியை இந்தியப் பிரஜை என்று எழுதியாகியிருந்தது. 1974இல் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்திறங்கினாள். லீவு போட்டு, திரும்பி வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமுக்குப் போன சுவக்கீனுக்கு முதலில் அவளை அடையாளம் தெரியவில்லை. ஒரு தகரப் பெட்டியின்மேல் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தவள்தான் அவரைப் பார்த்து, "அப்பன் மாதிரியே ஆயிட்டியேடா" என்றாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மச்சானைப் பற்றிக் கேட்டார்.

"வாந்தியும் பேதியும்டா. சித்திரையில. ஊரடங்கு போட்டிருந்தாங்க, லொறி கிடைக்கல. தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து தீந்துபோச்சு. ரெண்டு நாள் கெடந்தாரு."

சுவக்கீன் தகரப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப நா அங்கனதான்க்கா இருந்தேன். கப்பல்ல. மலைகூடத் தெரிஞ்சுச்சு" என்றார்.

"தெரிஞ்சு என்ன பண்ண? எனக்குந்தான் பெரியாஸ்பத்திரி எந்தத் திக்குல இருக்குன்னு தெரியும்" என்றாள் சிசிலி. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள்.

அவளை எஸ்டேட்டில் சித்தப்பா மகன் மிக்கேல்ராஜின் லைன் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார். அவளுக்கு நிரந்தர வேலை தரவில்லை. கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் மட்டும் கூப்பிட்டார்கள்.

1976இல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லையை முழுக்க வகுத்து முடித்தன. இரண்டு பக்கமும் தகராறு இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் மீனவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும் என்று கரையோரக் குப்பங்களுக்கு ஒரு இளம் அதிகாரியை அனுப்பினார்கள். மொழி சொல்ல சுவக்கீன் கூடப் போனார். ஒரு குப்பத்தில், கோயிலடியில் கூடியிருந்த கூட்டத்திலிருந்து ஏசுரத்தினம் எழுந்தார்.

"அன்னைக்கி எங்களை மீனைக் கொட்ட வச்சவுக நீங்கதானே?"

"ஆமாங்கய்யா."

"எங்க தாத்தன் காலத்துல இருந்து அந்தப் பாருக்கு, மீன் அடையுற அந்தக் கடல்திட்டுக்குப் போறோம். இனிமே போகாதேங்கிறீக. சரி. காத்து அடிச்சுத் தள்ளிருச்சுன்னா?"

சுவக்கீன் அதைச் சொன்னதும் அதிகாரி யோசித்தார். எல்லையை ஒட்டிப் போகாமல் தள்ளியே தொழில் பண்ணச் சொல்லு என்றார். அதையும் தமிழில் சொன்னார் சுவக்கீன். ஏசுரத்தினம் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். புரிந்ததா, பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை. திரும்பும் வழியில் ஜீப்பில் அதிகாரி சொன்னார்: இந்த எல்லையால் நாளைக்குச் சண்டை வராது, அது பெரிய விஷயம். சுவக்கீனுக்கும் அது பொய்யாகப் படவில்லை. ஆனாலும் குப்பம் கண்ணுக்கு மறைகிறவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் அவருடைய ஒப்பந்தக் காலம் முடிந்தது. மேலதிகாரி கூப்பிட்டுப் பேசினார். கரைக் காவலுக்கென்றே தனியாக ஒரு படை வரும் பேச்சு இருக்கிறது, தமிழ் தெரிந்த பழைய ஆட்கள் வேண்டியிருக்கும், இனி பாய்லர் அறையும் கிடையாது, மேல்தளத்திலேயே வேலை என்றார். சேர்ந்த புதிதில் சுவக்கீன் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

"களைப்பா இருக்கு சார்."

"லீவு எடுத்துக்கொண்டு வா."

"லீவுல போற களைப்பு இல்ல சார்."

ஊருக்கு வந்தபோது எஸ்டேட் ஃபாக்டரியில் பாய்லர் வேலை தருகிறோம் என்றார்கள். கூடவே ஒரு லைன் வீடும். சிசிலிதான் வேண்டாம் என்றாள்.

"அங்க லயத்துல கெடந்தேன், இங்க லைன்ல கெடக்கேன். நா சாகறதாவது வேற எங்கயாச்சும் ஒரு ஊட்டுல சாகுறேன்டா."

மூணாறுக்கு அப்பால் காந்தலூரில் சின்னையன் என்பவரின் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார் சுவக்கீன். விவசாயம் தெரியாத அக்காவும் தம்பியும் பூண்டு போட்டார்கள். முதல் வருடம் மழையில் பாதி அழுகிப்போனது. சின்னையன் வந்து வரப்பில் நின்று, பாத்தியை உயர்த்திப் போடச் சொல்லிக்கொடுத்தார். மறு வருடம் பரவாயில்லை.

1978 ஆகஸ்டில், கரைக் காவல் படைக்குச் சட்டம் போட்டாயிற்று என்ற பத்திரிகைச் செய்தியோடு சின்னையன் நிலத்துக்கு வந்தார்.

"நீங்க இருந்திருந்தா இதுல பெரிய ஆளா ஆயிருக்கலாமில்ல?"

"ஆயிருக்கலாம்."

"தேவைதானா இப்படி ஒரு படை?"

"தேவைதான். யாராவது நிக்கத்தான் வேணும். அந்தப் பக்கத்துக்காரனோட பேசிவச்சுக்கிட்டும் நிக்கணும்" என்றார் சுவக்கீன்.

மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. சிசிலி இருமிக்கொண்டே ஒரு பாத்திப் பூண்டைப் பிடுங்கி முடித்துவிட்டு அடுத்ததில் குனிந்திருந்தாள். சுவக்கீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவளுக்கு எதிர் வரிசையில் போய்க் குனிந்தார். சின்னையனும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கூட இறங்கினார்.