பாலத்துக்கு அடியில் கான்ட்ராக்டர்

எழுபதுகளில் உத்திரமேரூர் பக்கம் ஒரு பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் நான் கிளார்க். அங்கே ஒரு ஓவர்சியர் இருந்தார். ஒட்டடைக்குச்சி உடம்பு, கோடையிலும் மப்ளர். புதுசாகச் சிறுபாலம் கட்டினால், கட்டிய கான்ட்ராக்டரை அதற்கு அடியில் உட்காரவைத்து, மேலே நெல்மூட்டை வண்டியை ஓட்டச் சொல்வார். அப்புறம்தான் கையெழுத்து.

ஒருமுறை ஒரு கான்ட்ராக்டர் குனிந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "வூட்ல பொண்டாட்டி புள்ள கீது சார்!"

"வண்டிக்காரனுக்கு இல்லியா? இடிச்சிட்டுக் கட்டுய்யா" என்றார் ஓவர்சியர்.

எங்கள் புது ஆபீஸைக் கட்டியவர் சேர்மனின் மச்சான். மொட்டைமாடியில் வண்டி ஓட்ட முடியுமா? ஓவர்சியர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு தன் நாற்காலியை வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"உள்ள வாங்க சார்" என்றேன்.

"இங்க காத்து நல்லா கீதுய்யா."

நான் ரிட்டயர் ஆகும்வரை அண்ணாந்து பார்த்தபடியேதான் ஃபைல் எழுதினேன்.