தெஹ்பியா கேட்ட வெள்ளிக்கிழமை

கோல் மூன்றாவது முறையாகக் கையிலிருந்து நழுவி விழுந்தது. தெஹ்பியா அதை இடது கையால் எடுத்து ஒலிவக் கிளையை மறுபடி தட்டினாள். நான்கு காய்கள் வலையில் விழுந்தன. செப்டம்பரில் அத்தி மரத்திலிருந்து விழுந்து ஒடிந்த வலது கை, கட்டுப் பிரித்த பிறகும் தோளுக்கு மேல் எழும்ப மறுத்தது. காலையிலிருந்து தட்டியதில் கூடையின் அடிப்பகுதி மட்டும் மறைந்திருந்தது. இது முதல் மரம். சரிவில் இன்னும் இருபத்தோரு மரங்கள் கறுத்துப் பழுத்துக் காத்திருந்தன.

ஊர் எண்ணெய்ச் செக்கை இந்தப் பருவத்துக்கு வரும் செவ்வாயன்று மூடுகிறார்கள். நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குள் பறிக்காவிட்டால் மழையில் காய் மண்ணில் உதிர்ந்து அழுகும். வருடம் முழுவதும் வீட்டில் எண்ணெய் இருக்காது. எண்ணெய் இல்லாத வீட்டுக்குக் கபிலியா மலையில் யாரும் விருந்துக்குப் போவதில்லை.

அவள் கோலைக் கீழே போட்டாள். காலிக் கேனை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினாள்.

அன்று வியாழன். ஆண்களில் பாதிப் பேர் பிழைப்புக்காகக் கடல் தாண்டி மார்செய்யில் இருந்தார்கள். அதனால் வெள்ளிதோறும் பெண்களே ஒன்றுகூடி ஏதாவது ஒரு வீட்டுத் தோட்டத்தை முடித்துக் கொடுப்பது வழக்கம். இந்தக் கூட்டு வேலையைத் திவீஸி என்பார்கள். எந்த வீடு என்பது முந்தின நாள் ஊற்றடியில் தீர்மானமாகும். உதவி வேண்டியவள் தன் கேனைக் கல்லின் மேல் கவிழ்த்து வைத்துத் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய கஷ்டம் இருப்பவள் பக்கத்தில் தன்னுடையதைக் கவிழ்ப்பாள். சிறிய கஷ்டக்காரி தன் கேனை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவாள்.

எட்டு வருடங்களில் தெஹ்பியா ஐந்து முறை கவிழ்த்திருக்கிறாள். ஐந்து முறையும் யாரும் சொல்லாமல் தானே நிமிர்த்திக்கொண்டாள். கணவன் அக்லி கல்குவாரித் தூசியில் நுரையீரல் போய் இறந்த வருடம், அதே ஊர் மல்ஹாவுக்கு அதற்கும் முன்பே பனிச் சாலையில் வண்டி உருண்டு ஒரே நாளில் இரண்டு மகன்கள் போனதை நினைத்துக்கொண்டாள். கூரை ஒழுகியபோது, கூரையே பறந்துபோன வீட்டை நினைத்தாள். மகன் ஆறு மாதம் ஃபோன் செய்யாதபோது, மகன் இல்லாதவர்களை. ஒரு வருடம் ஜூஹரின் ஆடு சாகக் கிடந்ததற்காக விட்டுக்கொடுத்தாள். ஆடு பிழைத்துக்கொண்டது. தெஹ்பியா தன் மூன்று மரத்துக் காய்களை மண்ணுக்குக் கொடுத்தாள்.

ஊற்றடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தெஹ்பியா கேனைக் கவிழ்த்தாள்.

“பாருங்கடி, வெச்சுட்டா” என்றாள் ஜூஹர். “நான் மூஞ்சி கழுவி முடிக்கறதுக்குள்ள எடுத்துருவா.”

“இருவத்திரண்டு மரம். கை தூக்க வரல. நாளைக்கு எனக்கு வேணும்” என்றாள் தெஹ்பியா.

ஃபரூஜா பெருமூச்சோடு தன் கேனைப் பக்கத்தில் கவிழ்த்தாள். “எங்க மாமியா எட்டு மாசமாப் படுக்கையில. ராத்தூக்கம் கெடையாது. என்னோட ஒம்பது மரத்துப் பக்கம் நான் எட்டியே பாக்கல.”

“ஒம் மாமியா படுத்துக்கிட்டே உன்னத் திட்டறது செக்கு வரைக்கும் கேக்குது. அந்தத் தெம்பு எனக்கிருந்தா நான் ரெண்டு தோட்டம் பறிச்சுருவேன்” என்றாள் ஜூஹர். “என் முட்டி வலிய எந்தக் கணக்குல சேக்கறது?”

இன்னொருத்தி வயிற்றுப் புண்ணைச் சொன்னாள். வேறொருத்தி மருமகளைச் சொன்னாள். கடைசியில் யாரோ தணிந்த குரலில், “மல்ஹா அக்கா ஒக்காந்திருக்கறப்போ நம்ம எல்லாம் கஷ்டத்தப் பத்திப் பேசலாமா?” என்றார்கள்.

தெஹ்பியாவின் இடது கை தானாகக் கேனிடம் போனது. ஜூஹர் சிரிக்கத் தயாரானாள்.

கை கேனின் மேல் அப்படியே நின்றது. பிறகு அதை அழுத்திப் பிடித்தது.

“எடுக்க மாட்டேன்” என்றாள் தெஹ்பியா. “மல்ஹா அக்கா பட்டது பெருசு. நான் பட்டது சின்னதுதான். ஆனா அக்காவோட துக்கம் வந்து எம் மரத்துல காய் பறிக்காது.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. யாரும் மல்ஹாவைப் பார்க்கவில்லை.

மல்ஹா மெதுவாக எழுந்தாள். அறுபது வயது, நெடுநெடுவென்ற உடம்பு.

“பன்னெண்டு வருஷம்” என்றாள். “ஒருத்திக்குத் தலைவலின்னாக்கூட எம் பசங்களத் தூக்கித் தராசுல வெக்கறீங்க. அவங்க என்ன எடைக்கல்லா? எங்கிட்ட ஒருத்தியாவது உப்பு இருக்கா, ஏணி இருக்கான்னு கேட்டிருக்கீங்களா? பாத்ததும் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு ஓடறீங்க. இன்னிக்குத்தான் ஒருத்தி அவங்களத் தராசுலேர்ந்து எறக்கி விட்டா.” அவள் தெஹ்பியாவின் பக்கம் திரும்பினாள். “ஏணி இருக்கு எங்கிட்ட. நான் மரம் ஏறுவேன்.”

“அக்கா, ஒங்க வயசுக்கு...”

“வாய மூடு ஜூஹர்.”

“மூடறேன். ஆனா திவீஸிக்கு வர்றவங்களுக்குச் சோறு போடணுமே? ஒத்தக் கையால ரவைய உருட்டி எப்படிக் கூஸ்கூஸ் செய்வா?”

“நீ உருட்டு. ஒன் ஆடு இன்னும் உசுரோடதானே இருக்கு?”

முதலில் சிரித்தது ஃபரூஜா. சிரித்துக்கொண்டே தன் கேனை நிமிர்த்தித் தண்ணீரடியில் வைத்தாள். “மத்தியானம் வரைக்கும் நானும் வர்றேன். அதுக்கு மேல கெழவி விட மாட்டா.”

மறுநாள் காலை பத்தொன்பது பேர் வந்தார்கள். தெஹ்பியா எல்லா மரத்துக்கும் ஓடி ஓடி வலையைப் பிடித்தாள். கூடையைத் தூக்கப் பார்த்தாள். மல்ஹா மேலிருந்து கத்தினாள்: “ஏய், கேட்டு வாங்கினவ வேல செய்யக் கூடாது! பாறை மேல ஏறி நின்னு யாரு எந்த மரம்னு சொல்லு!” தெஹ்பியா தயங்கித் தயங்கி ஏறினாள். முதலில் கை காட்டினாள். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உச்சி வேளையில் அவள் குரல் எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பியது. “ஜூஹர், கீழ்க்கிளைய விட்டுட்டே! கண்ணு முட்டியிலயா இருக்கு?” என்று அவள் கத்தியதும் சரிவு முழுக்கச் சிரிப்பு எழுந்தது, ஜூஹர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். மல்ஹா பாவாடையை இடுப்பில் செருகி உச்சிக்கிளை வரை போனாள். அங்கிருந்து பாடினாள். அவள் பாடிக் கேட்டு ஊருக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. இறங்கச் சொன்னவர்கள் மேல் காயை வீசினாள்.

மாலைத் தொழுகை அழைப்பின்போது இருபத்திரண்டாவது மரம் காலியாயிற்று. பதினான்கு மூட்டைகள். தெஹ்பியாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாறையிலிருந்து இறங்கும்போது அவள் யாரையும் பார்த்து மன்னிப்புக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மூட்டைகள் கழுதை மேல் ஐந்து நடையில் செக்குக்குப் போயின. வரிசையில் அவளுக்கு ஒன்பதாவது இடம். பத்து மணிக்கு அவள் ஃபரூஜாவின் தோட்டத்துக்குப் போய் இடது கையால் வலை பிடித்தாள். ஆறு மரங்கள் முடிந்தன. மூன்று மணிக்கு மழை வந்தது. மீதி மூன்று மரங்களை விட்டுவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.