மைதீன் பாயின் பாட்டுப் பாதை

செய்தி வந்தபோது நான் மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு ஓய்வு நாள். கண்ணாடியை வாசல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் இடது பக்கத்தை முடித்து வலது பக்கத்துக்குப் போகவிருந்தேன். வாயைத் திறந்தால் மை உள்ளே போய்விடும் என்று உதட்டை மடித்து வைத்திருந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஒர்க்‌ஷாப் இசக்கி.

“கண்டக்டரே, நம்ம மைதீன் பாய் மவுத்தாயிட்டாரு.”

“ம்” என்றேன்.

“சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தவரு, எந்திரிக்கவே இல்லியாம்.”

“ம்.”

“ஏம்வே, நான் சொல்லுதது காதுல விழுதா இல்லியா?”

“ம்.”

அவன் போனை வைத்துவிட்டான். எத்தனையோ வருஷம் ஒரே வண்டியில் கூட ஓடிய மனுஷனின் சாவுக்கு என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினேன். பள்ளிவாசல் வாசலில் கூட்டத்துக்குள் இசக்கி என் தோளைப் பிடித்தான். அழுது வீங்கிய கண்ணோடு என் முகத்தையே பார்த்தான். “இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் வெள்ளை. பாய் மட்டும் இருந்திருந்தா இன்னைக்கு உம்ம விட்டிருக்க மாட்டாரு” என்றான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள். அதுவும் உண்மைதான். “மீசைக்கு வயசு குறையுது, சரி. முட்டிக்கு எப்பம்வே குறையும்?” என்று மாதம் ஒரு தடவை கேட்கிறவர், வெள்ளைத் துணிக்குள் ஒன்றும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தார்.

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகும் எங்கள் மினி பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஏறாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். அவர் டிரைவர், நான் கண்டக்டர். அதற்கு முன்னால் அவர் வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டினார். ஊர் திரும்பும்போது கைக்கு அடக்கமான ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தார். ஒரே அறையில் தங்கியவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றிக்கொடுத்த பாட்டுகள் அதில் இருந்தன. தமிழ், மலையாளம், இந்தி, அரபி, என்ன மொழி என்றே தெரியாத சில. “எல்லாரும் கம்பளி கொண்டாந்தாவ. நான் காத்தக் கொண்டாந்தேன்” என்பார்.

மற்ற வண்டிகளில் பாட்டு எப்படி வருகிறதோ அப்படி ஓடும். எங்கள் வண்டியில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. தெருவில் விசைத்தறிச் சத்தத்தைத் தாண்டுகிற வரைக்கும் அடிதடியான ஒரு பாட்டு. ரயில்வே கேட் தாண்டியதும் ஒரு பெண்குரல் தனியாக ஆரம்பிக்கும். காற்றாலைகள் வரிசையாய் நிற்கும் இடத்தில், அந்த இறக்கைகள் சுற்றுகிற வேகத்துக்கே பாடியது போல ஒன்று. மக்காச்சோளக் காடு முடிந்து ஓடைப்பாலத்தில் ஏறும்போது ஒரு தாலாட்டு. கோழிப்பண்ணை விலக்கு வரப்போகிறது என்றால் நாதஸ்வரம். வண்டி பிந்தினால் பாட்டை நிறுத்திவைப்பார். பாட்டு பிந்தினால் வண்டியை மெதுவாக்குவார். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்கள், கண்ணைத் திறக்காமலே பையை எடுத்து மடியில் வைப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அவரவர் ஊர் அவரவர் காதுக்குள்தான் முதலில் வந்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நானும் வெளியே பார்த்து விசில் ஊதியதில்லை. பாட்டைக் கேட்டுத்தான் ஊதினேன்.

ஒரு சனிக்கிழமை கடைசி நடை முடிந்து முதலாளி வண்டிக்குப் புது செட் மாட்டியதும் வந்தது வினை. பழைய செட், பென் டிரைவில் ஏற்றிய வரிசைப்படி பாடும். புதியது தன் இஷ்டத்துக்குப் பெயர் வரிசையில் பாடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பெயர்களோ கண்றாவி. பாதிப் பாட்டுக்கு ‘ட்ராக்’ என்றுதான் பெயர். மீதிக்கு, இறக்கிய இணையதளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. சிலதில் கட்டமும் கேள்விக்குறியும்தான். செட்டின் சின்னத் திரையில் அதையெல்லாம் பார்த்துப் பாய் கூசிப்போனார். “வண்டிய நல்லா கழுவி விடுதோம். பாட்டு மேல இவ்வளவு அழுக்கு இருக்கு பாத்தீரா?”

கல்லூரியில் படிக்கும் என் மகள் செல்வி, ஹாஸ்டலுக்குப் போகுமுன் வீட்டில் கிடந்த அவளுடைய பழைய லேப்டாப்பில் ஒரு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாள். அது ஒவ்வொரு பாட்டையும் தானே கேட்டுப்பார்த்து, இன்ன பாட்டு, இன்னார் பாடியது என்று கண்டுபிடித்து எழுதிவிடுமாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நானும் பாயும் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். ‘எல்லாவற்றையும் திருத்து’ என்றிருந்த இடத்தில் நான் தைரியமாக அமுக்கினேன். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன, காலியான வண்டியில் ஆள் ஏறி உட்காருவது மாதிரி. முப்பது வருஷமாகக் குரலை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர் பாய். ஒவ்வொரு பெயர் வரும்போதும் நாற்காலியின் நுனிக்கு வந்து, “ஓ, நீங்கதானா அது!” என்று திரையைப் பார்த்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சிலருக்கு சலாம்கூடச் சொன்னார்.

மறுநாள் வண்டி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியதும் தாலாட்டு பாடியது.

தறிச் சத்தத்துக்கு நடுவில் தாலாட்டு. ரயில்வே கேட்டில் நாதஸ்வரம். தறிக்கூடத்தில் நூல் சுற்றிவிட்டுப் பிள்ளையோடு ஊர் திரும்பும் முத்துலட்சுமி, அந்த நாதஸ்வரத்துக்குப் படக்கென்று எழுந்து பையைத் தூக்கினாள். வெளியே ரயில்வே கேட்டைப் பார்த்து முழித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள். தூங்கியும் போனாள். அப்புறம் கோழிப்பண்ணை விலக்கு வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வண்டி வெகுதூரம் போன பிறகு ஒரு அலறல்.

“ஐயோ, என் ஊரு எங்க?”

பாய் வண்டியை நிறுத்தினார். திருப்ப இடமில்லாத ரோடு. கண்ணாடியைப் பார்த்தார். முழு வண்டி ஆளோடு பின்னாலேயே எடுத்தார். நான் கீழே இறங்கி, வெயிலில் பின்பக்கமாக நடந்துகொண்டே, “வரட்டும், வரட்டும்” என்று தட்டிக்கொண்டு போனேன். வயலில் மாடு மேய்த்த ஒருத்தர், “என்ன கண்டக்டரே, ஊர மறந்து வச்சிட்டு வந்துட்டியளா?” என்றார். விலக்கில் இறங்கிய முத்துலட்சுமி டிரைவர் ஜன்னலுக்கு வந்தாள்.

“பாட்டு மாறிட்டு பாய். நான் என்ன செய்யட்டும்?”

“உம்மேல தப்பில்ல தாயி. பாட்டு எல்லாத்துக்கும் பேரு வந்துட்டு. ஊருதான் இல்லாமப் போச்சு.”

போனில் செல்வி வழி சொன்னாள். பெயர் இருக்கட்டும், அதற்கு முன்னால் நம்பர் போடுங்கள், நம்பர் வரிசையில் பாடும் என்றாள். அடுத்த ஞாயிறு ஒற்றை விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனேன். பாட விட்டுப் பார்த்தால், ஒன்றுக்கு அடுத்து பத்து பாடுகிறது.

“ஒண்ணுக்கு அப்புறம் பத்தா? எங்க படிச்சுது இது?” என்றேன்.

“உம்ம கூடத்தான் பத்தாங்கிளாஸ் எழுதியிருக்கும்வே” என்றார் பாய். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் என்பது அவருக்குத் தெரியும். முன்னால் சைபர் சேர்த்து 01, 02 என்று போட வேண்டும் என்று செல்வி சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து தொடங்கினோம்.

அப்போதுதான் அவர் சொன்னார், “இப்படிக் கேட்டுக் கேட்டுப் போட்டா சரியா வராது. நான் ஓட்டுதேன். நீரு அடியும்.”

பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இரண்டு கையையும் ஸ்டியரிங் அளவுக்கு விரித்துக்கொண்டார். கால் தரையில் கிளட்சை மிதித்தது. “ஸ்டாண்டு தாண்டியாச்சு... தறித் தெரு... இப்ப அதப் போடும்.” நான் போட்டேன். “கேட்டு அடச்சிருக்கு. நிக்கோம்.” அவர் நின்றார். நானும் டைப் அடிக்காமல் காத்திருந்தேன். ரயில் போகிற நேரம் வரைக்கும் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். “தெறந்துட்டான்.” வண்டி நகர்ந்தது. என் வீட்டுச் சுவரில் இருந்த வெள்ளையடிப்புக் கறைகள் மெல்ல மெல்ல மேகமானதை நான் கண்ணால் கண்டேன். காற்றாலை நிழல் அவர் முகத்தில் விழுந்து விழுந்து போவது போல இருந்தது. ஓடைப்பாலத்துப் பள்ளத்தில் அவர் உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. கூடவே நானும் குலுங்கினேன். என்னை அறியாமல் ஒரு தடவை வாயால் விசில்கூட ஊதிவிட்டேன்.

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப்பார்த்தாள். “ரெண்டு பேரும் எந்த ஊருக்குப் போறிய? எனக்கும் ஒரு டிக்கெட்டு போடுங்க.”

“ஏறிக்கோ தாயி. இடம் இருக்கு” என்றார் பாய், கண்ணைத் திறக்காமல்.

கண்மாய்க்கரை வந்ததும் கையைத் தூக்கினார். “இங்கன ஒண்ணும் வேண்டாம்.”

“ஏன் பாய்?”

“வண்டி என்ன சொல்லுதுன்னு ஒரு தடவையாவது கேக்கணும்லா? போக வர நாமளே பேசிட்டிருந்தா அது எப்பம் பேசும்?”

ஆனால் செட்டுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததற்குத் தாவும். சும்மா இருப்பதையும் ஒரு பாட்டாகப் பதிந்து, நம்பர் போட்டு நடுவில் சொருக வேண்டியதுதான் என்றாள் செல்வி. லேப்டாப்பில் பதியும் பொத்தானை அமுக்கினேன். பாய் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஞாயிறு என்பதால் தெருவில் தறி ஓடவில்லை. அவர் கண்ணை மூடியபடி கண்மாய்க்கரையில் போய்க்கொண்டிருந்தார். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பதிந்து முடித்ததும் அந்த மென்பொருள் அதையும் விடவில்லை. யார் பாட்டு என்று வெகுநேரம் தேடிவிட்டு, ‘பாடியவர் தெரியவில்லை’ என்றது. பாய்க்கு அன்று வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! “அதுக்கே தெரியாத பாட்டு ஒண்ணு நம்மட்ட இருக்குவே!”

அந்த வரிசைதான் அவர் கடைசியாக வண்டி எடுத்த நாள் வரைக்கும் ஓடியது.

வண்டிக்குப் புது டிரைவராக வந்திருப்பவன் சிவகிரிக்காரன், மாரி. தங்கமான பையன். தன்னுடைய பென் டிரைவோடுதான் வந்தான். முதல் நாளே முத்துலட்சுமி ஊர் தாண்டிப் போய்விட்டாள். “பாய் போனாரு, சரி. பாட்டையுமா கொண்டுட்டுப் போனாரு?” என்று என்னிடம்தான் கேட்டாள். பாய் தினமும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் பென் டிரைவை அவர் வீட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன். அது திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது வரிசையில்லாத பழைய குவியல். போட்ட வரிசை இனி செல்வியின் லேப்டாப்பில் இருந்தால் உண்டு.

இருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த செல்வி, புதிதாக ஏற்றுமுன் எதற்கும் ஒரு தடவை சரிபார்ப்போம் என்று அந்த மென்பொருளை ஓடவிட்டாள். எல்லாம் சரி, ஒன்றே ஒன்று பழுது என்று காட்டியது. நீக்கிவிடலாம் என்று அதுவே டிக்கும் அடித்து வைத்திருந்தது.

“அப்பா, இதுல ஒண்ணுமே இல்ல. தூக்கிரட்டுமா?”

“பொறு தாயி. ஒரு தடவ கேட்டுக்கிடுதேன்.”

அவள் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். வண்டியில் எத்தனையோ நடை அது ஓடியிருக்கிறது. இன்ஜின் சத்தத்தில் நான் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. முதலில் ஒரு காக்கா. பிறகு அடுப்படியில் ஒரு பாத்திரம். நாற்காலி ஒரு முறை முனகியது. அப்புறம், முடியப்போகிற நேரத்தில், பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்:

“ஆச்சாவே?”

ஞாபகம் வந்துவிட்டது. அன்று அவர் கேட்டார். பதிவாகிக்கொண்டிருக்கிறதே என்று நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், கண்ணை மூடியிருந்தவருக்கு.

“என்னப்பா, ஏதும் கேக்குதா?”

“ம்” என்றேன். அந்த டிக்கை நானே எடுத்துவிட்டேன்.

இப்போது வரிசை பழையபடி ஓடுகிறது. முத்துலட்சுமி நாதஸ்வரத்துக்கு எழுந்து, கண்ணைத் திறக்காமல் பையை எடுக்கிறாள். “அண்ணாச்சி, கண்மாய்க்கரையில செட்டு நின்னு நின்னு போகுது, ரிப்பேரா?” என்று மாரி கேட்டான். “இல்லடே, அங்கன வண்டி பேசும், கேட்டுப் பழகு” என்றேன். கேட்கத் தொடங்கியிருக்கிறான். நான் மீசைக்கு மை தடவுவதை விட்டுவிட்டேன். கேலி செய்ய ஆளில்லாத மீசைக்கு மை எதற்கு?

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது பாட்டில்லாத அந்தக் கொஞ்ச தூரம்தான். ஒரு பக்கம் தண்ணீர் வற்றிய கண்மாய், மறு பக்கம் பருத்தி. வண்டிக்குள் பேச்சுகூட அடங்கிவிடும். இரண்டாவது மடை வரும்போது அவர் கேட்பார் என்று எனக்கு மட்டும் தெரியும். படியில் நின்றபடி விசிலை வாயில் கவ்விக்கொள்ளுகிறேன். வாயைத் திறந்தால் சொல்லிவிடுவேன்.

இன்னும் ஆகலை, பாய்.