பஞ்சுக்குச்சியில் ஒரு தாய்வழி

கடல் கடந்து வேலைக்கு வந்த இந்தப் பெர்கன் நகரத்தில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஓலாவ், நட்சத்திர மீன்களை வெட்டிச் சாராயப் புட்டியில் போட்டுவிட்டு, கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு ரொட்டியில் மீன்முட்டைப் பசையைப் பிதுக்கித் தின்பான். நான் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவேன். சுரங்க ஊரான தங்கவயலில் வளர்ந்தவளுக்குக் கடல் எங்கே தெரியும்? குழகுழவென்ற அந்த ஜந்துவை முதலில் தொட்ட நாளில் இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தேன்; பிறகு மீனை வெட்டவும் விட்டார்கள். கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டது இது: உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று, அதற்கென்று வளையம் போலச் சின்னதாய் ஒரு டி.என்.ஏ. பெரும்பாலும் தாயிடமிருந்தே பிள்ளைக்கு வரும். நட்சத்திர மீனுக்கும் அதற்கு உறவான கடல் முள்ளெலிக்கும் அந்த வளையத்தில் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். ஆனால் ஒன்றில் உள்ள நீளமான துண்டு மற்றதில் திரும்பிக் கிடக்கும், எங்கள் ஊர் மாரிக்குப்பம் ரயிலில் நடுவே நாலு பெட்டியைக் கழற்றித் திருப்பி மாட்டியதைப் போல. அதை வைத்து எது எப்படிப் பிரிந்து வந்தது என்று தேடுகிறார்கள். இதைப் போன விடுமுறையில், ஆண்டர்சன்பேட்டையில் தம்பி சேகர் வீட்டில், பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

அன்று தம்பி மகள் தேவியின் சம்பந்தம் பேச வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் காபியைக் கீழே வைத்தார்.

“அப்டினா நம்ப வேலை ஈஸிம்மா. பொண்ணோட அம்மா யாரு எவருன்னு நாலு பேரு நாலு விதமா பேசிக்கினு இருக்காங்க. பொண்ணு எச்சில எடுத்துக்கினு போயி, இன்னா ஜாதின்னு பாத்து ஒரு பேப்பர் குடுத்துடுங்க.”

தேவியின் அம்மா கமலா பலகாரத் தட்டோடு அங்கேயே நின்றிருந்தாள். பேத்தமங்களா ஏரிக்கரைக்குக் கூலிவேலைக்கு வந்த ஒருத்தி பிரசவத்தில் இறந்துபோக, சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக் குடும்பமொன்று எடுத்து வளர்த்த பிள்ளை அவள். ஜாதியாவது மண்ணாவது என்று அவளைக் கட்டிக்கொண்டவன் என் தம்பி.

“அதுல யாருக்கும் ஜாதி எழுதி இருக்காதுங்க” என்றேன்.

“ஃபாரின் போயிட்டு வந்து எங்களுக்கே கதை வுடுறீங்களே!” என்று சிரித்தார்.

மறுநாள் காலை சேகர் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினான். உள்ளே ஈரமான பஞ்சுக்குச்சி.

“வச்சிக்கோக்கா. நல்ல ஜாதியா எதுனா எழுதிக் குடு. கல்யாணம் நின்னுடக் கூடாது.”

“தேவிக்குத் தெரியுமாடா?”

“சளி டெஸ்டுன்னு சொல்லி எடுத்தேன்.”

எத்தனையோ நட்சத்திர மீனின் குடலை வழித்த கை இது. அந்தக் கவரைத் தொடக் கூசியது. பின்னால் நின்று கேட்டுவிட்ட தேவி, அதைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினாள்.

“மொதல்ல அந்த மாமனோட எச்சில எடுத்துக்கினு போங்க அத்தே. அதுல இன்னா வழியுதுன்னு பாக்கலாம்.”

மாப்பிள்ளைக்கு அவளே போன் போட்டாள். “பெரியவங்க கேக்கறாங்க, குடுத்துட்டா இன்னா?” என்றானாம். அத்தோடு கல்யாணத்தை நிறுத்திவிட்டாள்.

திரும்பி வந்து ஓலாவிடம் சொன்னேன். “இரண்டு நாள் வேலைதானே, தாய்வழியைப் பார்த்துக் கொடுத்திருக்கலாமே” என்றான் மென்றபடி. ஜாதியை விளக்கத் தொடங்கினேன். அவன் அதை வம்சம் அறியும் ஆசை என்று எடுத்துக்கொண்டு, தன் முப்பாட்டன் மீன் பிடித்த தீவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். பாதியில் விட்டுவிட்டேன்.

தம்பி என்னோடு பேசுவதில்லை. கல்யாணத்தைக் கெடுத்தவள் நானாம். ஞாயிறுதோறும் கமலாதான் போனில் கூப்பிடுகிறாள், அவன் காதில் விழாதிருக்க ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய். என் அறைத்தோழிக்குச் சத்தம் ஆகாது. நான் தெருவில் இறங்கி மழையில் நிற்பேன். “நேரமாச்சு, வீட்டுக்குப் போ கமலா” என்பேன். “நீங்க மொதல்ல போங்க அண்ணி” என்பாள். இருவரும் நகர மாட்டோம்.