சிலிண்டர் எந்த ஊட்டுக்கு வருது?

பிலோமினா அக்கா காலமான செய்தி வந்தபோது நான் விழுப்புரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காலை வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. போனில் அக்காவின் மகள் ரெஜினா. “ஆண்ட்டி, அம்மா போயிட்டாங்க” என்றாள். எப்படி, எப்போது என்று கேட்கத் தோன்றவில்லை. “எங்க?” என்றுதான் கேட்டேன். தாயைப் பறிகொடுத்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அக்கா வளர்த்த பெண் அல்லவா ரெஜினா, ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. “ஊட்லதான் ஆண்ட்டி. அண்ணனூர்லதான்” என்றாள். நான் செங்கல்பட்டில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வேலை நாளில் விழுப்புரத்துக்கு ஏன் போய்க்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் எங்களோடு வேலை பார்க்கிறவர்கள். மற்றவர்கள் அக்காவோடு மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் வந்து போனவர்கள். அவர் பையிலிருந்த முறுக்கைத் தின்றவர்கள். முறுக்கைத் தின்றவர்களில் பலருக்கு அவர் என்ன வேலை பார்த்தார் என்று கடைசிவரை விளங்கவில்லை. “கம்ப்யூட்டர்ல ஏதோ எழுதுவாங்க” என்று ஒரு பெண் சாவு வீட்டில் சொன்னாள். நாங்கள் புற்றுநோய்ப் பதிவகத்தில் இருக்கிறோம். எந்த ஊரில் எத்தனை பேருக்கு இந்த நோய் வந்தது, அதில் எத்தனை பேர் இறந்தார்கள், போன வருஷத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. வருஷக் கடைசியில் ஒரு வரைபடம் வரும். சாவு அதிகமான இடம் கறுத்திருக்கும், குறைவான இடம் வெளுத்திருக்கும்.

நான் திருமுல்லைவாயிலில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்த வருஷம் எங்கள் பக்கம் பளிச்சென்று வெளுத்திருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். நல்ல காற்று, நல்ல தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறோம் என்று வீட்டில் போய்ப் பெருமையடித்தேன். அக்கா அந்தப் படத்தை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்பத்தூர்லேர்ந்து ஆவடி வரிக்கும் எம்மாம் ஜனம் கீது. இங்க யாரும் சாவலன்னா, எங்கியோ போய் சாவுறாங்கன்னு அர்த்தம் கோமதி” என்றார். அன்றோடு நான் பெருமையடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அக்கா சொன்னது சரியாக இருந்தது. எங்கள் பக்கத்து ஃப்ளாட்டுகளில் இருப்பவர்கள் தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். இருபது வருஷமாக இங்கே இருப்பார்கள். ஆதார் அட்டையில் மட்டும் சொந்த ஊர் இருக்கும். ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்து எழுதுவார்கள், ஆள் தேனிக் கணக்கில் போய்விடுவார். இதற்கு நேர்மாறாக, ஆரணியிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர் பட்டாபிராமில் இருக்கும் தங்கை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். எது உண்மையான வீடு என்று தெரியாமல் எந்த ஊர் கறுப்பு, எந்த ஊர் வெளுப்பு என்று எப்படிச் சொல்வது? அக்கா ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினார். முகவரி சொல்லுங்கள் என்றால் அட்டையில் இருப்பதையே ஒப்பிப்பார்கள். அதனால் தானாக ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தார். “போன பொங்கல் எந்த ஊட்ல வெச்சீங்க?”

அந்தக் கேள்வியால் எங்கள் பக்கம் இன்னும் வெளுத்துப்போனது. ஃப்ளாட் ஃப்ளாட்டாக ஜனங்கள் காலியானார்கள். அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான்தான் சொன்னேன், நானே பொங்கலுக்கு விழுப்புரத்தில்தான் இருந்தேன், எங்கள் காலனியில் அன்றைக்கு வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார் என்று. அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். “எனுக்கு சொந்த ஊருன்னு ஒண்ணு கீதா இன்னா? அண்ணனூர்ல பொறந்து அண்ணனூர்லயே கீறேன். பண்டிகைன்னா ஊட்ட பூட்டிகினு ஓடுவீங்கன்னு எனுக்கு எப்டி தெரியும்?” என்றார். அடுத்த வாரமே கேள்வி மாறிவிட்டது. “உங்க சிலிண்டர் எந்த ஊட்டுக்கு வருது?” இதற்கு யாராலும் சொந்த ஊரைச் சொல்ல முடியவில்லை. சமையல் எங்கே நடக்கிறதோ அங்கேதான் சிலிண்டர் வரும்.

பொங்கல் கேள்வியையும் அவர் வீணாக்கவில்லை, வேறு விதமாக மாற்றிக்கொண்டார். நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதாக எங்கள் பதிவு சொன்னது, ஆனால் போனை யாரும் எடுக்கவில்லை. நானும் அக்காவும் நேரில் போனோம். அவர் மனைவி கதவைத் திறந்தார். உங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுவோமோ என்று நான் ஒரு படி பின்னால் நின்றுகொண்டேன். அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இந்த வருசம் தீபாவளி உண்டாம்மா உங்களுக்கு?” என்றார். அந்த அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, “இல்லம்மா, எங்களுக்கு இந்த வருஷம் ஒண்ணும் இல்ல” என்றார். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை என்பதால் வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தோம், டீ கொடுத்தார், கொஞ்சம் அழுதார். செஞ்சிப் பக்கம் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்களாம், அங்கேதான் உயிர் போனதாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்ததால் மாரடைப்பு என்று எழுதச் சொல்லிவிட்டார்களாம். திரும்பி வரும்போது ரயிலில் அக்கா அந்த வீட்டை நோட்டில் குறித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “நம்ம கம்ப்யூட்டர்ல, ஊருக்குப் போனவன் எவனும் சாவறதே இல்ல.”

இப்படித் தேடித் தேடிச் சேர்த்ததில் வரைபடம் வருஷத்துக்கு வருஷம் மாறியது. வேறு சில ஊர்களில் சாவுக் கணக்கைக் காட்டும் கோடு இறங்கிக்கொண்டிருக்க, எங்கள் பக்கத்துக் கோடு ஏறியது, நிறமும் கறுத்தது. எனக்குப் பித்துப் பிடித்தது போலாகிவிட்டது. போர் தண்ணீரை நிறுத்திக் கேன் தண்ணீர் வாங்கினேன். எண்ணெயை மாற்றினேன். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்தினேன். ஃப்ளாட்டை விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். நான் பேசப் பேச மகளிர் பெட்டியே பயந்தது, அது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஒருநாள் அக்காவை வழிமறித்து, தண்ணீரா, புகையா, என்னதான் காரணம், எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. “பாதி நான் கறுப்பாக்குனது. தேனிக்குப் போனவங்கள கூட்டியாந்து இங்க சேத்தேனே, அது. மீதி இன்னான்னு எனுக்கு தெர்ல. தெரியாதது எனுக்கும்தான் பயமா கீது” என்றார். பயப்படாதே என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு அக்காவுக்கே வந்தது. சினைப்பையில். வயிறு உப்புசமாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் கேஸ் டிரபிள் மருந்து குடித்துக்கொண்டு எங்களோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். நாங்களும் பெருங்காயம் போட்டு மோர் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நாள் முழுக்க அந்த நோயின் பெயரையே எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்டுபிடித்தபோது முற்றியிருந்தது. கடைசி நாட்களில், திண்டுக்கல் பக்கம், வெகுகாலமாகப் போகாத தன் ஊரில் நல்ல காற்றில் இருக்கலாம், சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் கணவர் கெஞ்சியிருக்கிறார். “இப்பதான் புது சிலிண்டர் வந்துச்சு, அது தீர்ற வரிக்கும் இங்கதான்” என்று அக்கா சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். போன மாதம் அக்காவைப் பார்க்க அண்ணனூருக்குப் போயிருந்தேன். தலையணையில் சாய்ந்து படுத்திருந்தவர், நான் உட்காருவதற்கு முன்பே, “இன்னா, பைய அந்தாண்ட தோளுக்கு மாத்திகின?” என்றார். எத்தனையோ வருஷமாக இடது தோளில் மாட்டும் பை. இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டதிலிருந்து வலது தோளுக்கு மாற்றியிருந்தேன். வீட்டுக்காரருக்கே தெரியாது. அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். ஏன் இன்னும் காட்டவில்லை என்று கேட்டதற்கும் உள்ளதைச் சொன்னேன். இங்கே காட்டி, அது அதுவாகவே இருந்துவிட்டால் என் கோப்பு எங்கள் மேசைக்கே வரும். என் பக்கத்து நாற்காலிக்காரிதான் என் பெயரையும் வயதையும் எத்தனையாவது கட்டம் என்பதையும் தட்டச்சு செய்வாள். மற்றவர்கள் கணினியையும் பார்ப்பார்கள், என் முகத்தையும் பார்ப்பார்கள். அதை நினைத்தே நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் ஆதாரில் இன்னும் விழுப்புரம்தான் இருக்கிறது, அங்கே போய்ச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எத்தனை பேரைத் தேடிப் பிடித்திருப்போம் நாங்கள் இரண்டு பேரும், அவர்கள் செய்த அதே வேலையைத்தான் நானும் செய்யப் பார்த்தேன்.

அக்கா திட்டவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“எங்கியோ ஒரு ஊருல சாவு கொறையுதுன்னு கோடு எறங்குதுல்ல, அது தானா எறங்கல கோமதி. எவளோ ஒருத்தி முன்னாடியே போய் காட்டிகினா, அதான் எறங்கிச்சு. அவ தைரியமா போனான்னு நினைக்கிறியா? பயந்துகினேதான் போயிருப்பா. நான் லேட்டு. நீ பயந்துகினே போ.”

சரி சரி என்று தலையாட்டினேன். ஆனாலும் விழுப்புரத்துக்குத்தான் நாள் குறித்தேன். அப்படிப் போகிற வழியில்தான் ரெஜினாவின் போன் வந்தது.

சாவு வீட்டில் நடந்ததை அங்கே வந்தவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். சான்றிதழுக்காக டாக்டர் வந்திருந்தார். ரெஜினாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் நேரம், மாரடைப்பு என்று போட்டுவிடுங்களேன் என்று உறவுக்காரர் ஒருவர் டாக்டரின் காதில் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அதைக் கேட்டுவிட்டு ரெஜினா எழுந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “அம்மாவுக்கு என்னவோ அதையே எழுதுங்க சார். வேற எழுதினா அம்மா எழுந்து வந்து என்னைக் கேப்பாங்க” என்றாள். அவள் அப்பா தலையசைத்தார். டாக்டர் உள்ளதை எழுதினார். சவப்பெட்டியைத் தூக்கும்போது பணிமனைக்குத் திரும்பும் மின்சார ரயில் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் வலது தோளில் பையோடு சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சின்னப் பெண் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம், பதிவகம் இருக்கும் நம் ஆஸ்பத்திரியிலேயே சீட்டு எடுக்கும் வரிசையில் நின்றேன். தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு போடும் பெண் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, “விழுப்புரமா மேடம்?” என்றாள். ஆமாம் என்று வாய் வரை வந்துவிட்டது.

“அது அட்டையில இருக்கிற ஊரும்மா. சிலிண்டர் திருமுல்லைவாயிலுக்குத்தான் வருது. அதையே போடு” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் போட்டாள்.

ஊசி போட்டுக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவுக்காகக் காத்திருக்கும் இந்த நாட்களில்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் அன்றிலிருந்து என்னைப் பாத்திரம் தேய்க்க விடுவதில்லை, அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. பதிவகத்து நண்பர்களே, நாளைக்கு என் பெயர் உங்கள் மேசைக்கு வந்தால் அதைக் கீழே செருகிவைக்க வேண்டாம், என் முன்னால் குரலைத் தாழ்த்தவும் வேண்டாம். மற்றவர்களை எழுதுவது போல என்னையும் சரியான ஊரில் எழுதுங்கள். எங்கள் பக்கம் வரைபடத்தில் இன்னும் கொஞ்சம் கறுத்தால் கறுக்கட்டும்.

அக்காவின் மேசையில் கிடந்த கண்ணாடிக் கூட்டை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டேன். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது சிலிண்டர், தீபாவளி என்ற அவருடைய இரண்டு கேள்விகளையும், அன்றைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னதையும்தான். நீங்கள் சொன்ன மாதிரியே பயந்துகினேதான் போனேன் அக்கா. முன்னாடியே போனேனா என்பது வியாழக்கிழமை தெரியும்.